கடைசி லெவல் எருமை

முழங்கை பட்டுருச்சுங்களா? மன்னிச்சுக்குங்க. வேணும்னு இடிக்கலைங்க, கை தானா போகுது. மேலருந்து குண்டு வந்தா உடம்பு கீழ சாயுது, நான் என்ன பண்ணட்டும். நீங்க ஜன்னலோரமா ஒரு விரக்கடை தள்ளிக்குங்க. ஓசூர் தாண்டுனதும் நிறுத்திப்போடறேன்.

செல்போனு இல்லைங்க இது. பாருங்களேன். கையளவு மெஷினு, நடுவுல திரை, இடப்பக்கம் கூட்டல் குறியாட்ட ஒரு பட்டன், வலப்பக்கம் ரெண்டு. ஒண்ணு சுடறதுக்கு. இன்னொண்ணு அணுகுண்டு, அது ஒருக்காத்தான் வெடிக்கும், அதைத் தொட்டுப்போடாதீங்க. இந்தக் குருவியாட்டம் பறக்குதில்லைங்க, இதுதான் நாம. பேரு செம்பருந்து. திரை இடமிருந்து வலமா ஓடிட்டே இருக்கும். நிக்காது, திரும்பாது. எதிர்ல வர்றது எல்லாம் நம்மளக் கொல்லத்தான் வருது. ஒரு குண்டு பட்டாப் போச்சு. மொத்தம் மூணு உசுரு, மூணும் போனா மறுபடி மொதல்லருந்து.

நீங்க நினைக்கறது தெரியுதுங்க. அம்பத்தெட்டு வயசு, வேட்டி கட்டுன ஆளு, இவனுக்கு என்ன கெரகமுன்னுதானே? நான் விளையாடப் போனவன் இல்லைங்க. கல்யாண விசாரணைக்குப் போனவன். இது அதுல ஒரு பகுதி, அவ்வளவுதான்.

என்ற பேரு சென்னியப்பன். கோபிக்குப் பக்கத்துல கூகலூரு. தவுடு, புண்ணாக்குக் கடை. கடைய என்ற சம்சாரம் பாத்துக்குவா, விசாரணைய நான் பாத்துக்குவேன். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு ஜாதகம் பொருந்துச்சுன்னா அடுத்த பேச்சே, சென்னியப்பனை அனுப்பிப் பையனை விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்கறதுதான்.

அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. பையன் ஊட்டுக்கு நேராப் போகப்படாது. அது கத்துக்குட்டி பண்ணற வேலை. மொதல்ல அந்த வீதி இஸ்திரிக்காரர். சட்டைக் காலரைத் தேய்க்கறவருக்குத் தெரியாத ரகசியம் உண்டுங்களா? பொறகு மளிகைக் கடை. பொறகு சலூன். கடைசியா பக்கத்து ஊட்டு நாயி. நாயி அவனைப் பாத்து வாலாட்டுதா, ஒதுங்குதா? சத்தியமங்கலத்துல ஒரு பையன், பெரிய இன்ஜினியரு, எல்லாம் செரியா இருந்துச்சு. நாயி ஒதுங்குச்சு. வேண்டாமுன்னுட்டேன். இப்ப வேற பக்கம் கட்டி ரெண்டு புள்ளைங்களோட நெம்ப நல்லா இருக்கறான்னு சொல்லிக்கறாங்க. இருக்கட்டும். நாயி பொய் சொல்லாதுங்க.

இந்தத் தடவ என்ற அக்கா பொண்ணுக்கு. சிந்துஜா. நான் அம்மணின்னுதான் கூப்புடறது. ஒரே பொண்ணு. எங்க ஊடும் அக்கா ஊடும் அடுத்தடுத்து. எங்க சந்துல வண்டி நிக்காதுன்னு என்ற டிவிஎஸ்ஸ அக்கா ஊட்டு வாசல்லதான் நிறுத்தறது. அதுல ஒரு ரோதனை என்னன்னா, அம்மணி வெடியால எந்திரிச்சு வாசலடைச்சு, மூலையில தாமரை வெச்சு, புள்ளிக்கோலம் போட்டு வெச்சிரும். ஒரு புள்ளி அழிஞ்சாலும் அன்னைக்கு எனக்கு டீ கிடையாது. வருசக் கணக்கா அந்தக் கோலத்துக்குள்ளயே வழி கண்டுபுடிச்சு வண்டிய எடுத்துட்டு வர்றேன். சர்க்கஸ்காரன்கூட அப்பிடி ஓட்டமாட்டானுங்க.

கெட்டிக்காரப் புள்ள. கோயமுத்தூர்க் காலேஜ்ல படம் வரையற படிப்பு. இப்ப ஊட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை. எட்டிப் பாத்தாக் குட்டிக் குட்டியாக் கட்டம், கட்டத்துக்குள்ள கலரு. என்ன அம்மணி இதுன்னா, "கம்பெனிக்கு மாமா"ங்கும். காலுறைக்கு டிசைன் போடற கம்பெனி போலிருக்குதுங்க. நான் நோண்டி நோண்டிக் கேக்கறதில்ல. ஊட்டுப் புள்ளைய விசாரிக்கறதுக்கு என்ன இருக்குது?

அக்கா ஊட்டுக்காரரு துரைசாமி மச்சான். ஆளைப் பாத்தாலே தெரியும். கொம்பு மீசை, தோள்ல பச்சைத் துண்டு, மூக்கு நுனியில கண்ணாடி. எந்த மாப்பிள்ளை வந்தாலும் அவரு கேக்கறது மூணுதான். குடிப்பானா, கடன்காரனா, பொய் சொல்லுவானா. ரெண்டு ஜாதகம் கையில இருந்துச்சு. ஒண்ணு பெருந்துறை அரிசி ஆலைக்காரங்க. இன்னொண்ணு தரகர் கொண்டுவந்த பெங்களூர்ப் பையன், கௌசிகன்னு பேரு, கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யறவன். மச்சானுக்கு ஆலைமேலதான் கண்ணு. "சென்னியப்பா, நீ போயி அந்த விளையாட்டுக்காரனைப் பாத்துட்டு வா. நீ செரின்னா செரி. இல்லைன்னா வெள்ளிக்கிழமை ஆலைக்காரங்களுக்கு உறுதி சொல்லிப் பூ வெச்சுரலாம்"னாரு. என்ற ஒரு சொல்லு, அதுலதான் அம்மணி வாழ்க்கை. யோசிச்சுப் பாருங்க.

அம்மணி எப்பிடித் தெரியுங்களா? ஆலைக்காரப் பையன் போட்டோவ வாங்கிப் பாத்துச்சு. பெங்களூர்ப் பையன் போட்டோவ ஏறெடுத்தும் பாக்கல. "மாமா பாத்துச் சொன்னாச் செரி"ன்னு உள்ள போயிருச்சு. அவ்வளவு அடக்கம். நான் கிளம்பறப்ப மட்டும் வாசலுக்கு வந்து, "நாலு நாள் இருந்து நல்லா விசாரிங்க மாமா, அவசரப்பட்டு வேண்டாமுன்னு சொல்லிப்போடாதீங்க"ன்னுச்சு. ஆருன்னே தெரியாத பையனுக்காகப் பேசுது பாருங்க. நியாயமுள்ள புள்ள.

காதலா? ஏனுங்க, எங்க ஊட்லயா? அந்தச் சொல்லு மச்சான் காதுல விழுந்துச்சுன்னா தாலுக்கா அதிரும். நானும் லேசுப்பட்டவன் இல்ல. அம்மணிகிட்டயே சொல்லி வெச்சிருக்கறேன், அப்பிடி ஏதாச்சும் என்ற விசாரணையில தெரிஞ்சா மொத ஆளா நானே கத்தரிச்சு உட்ருவேன்னு. "உங்களுக்குத் தெரியாம என்ன மாமா நடந்துரும்"னுச்சு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு.

செரி, பெங்களூர் போயி எறங்குனேன். அங்க என்ற முறை ஒண்ணும் செல்லலைங்க. இஸ்திரிக்காரரைத் தேடுனா, பையனுங்க எல்லாம் பனியனைக் கசக்கிப் போட்டுட்டுத் திரியறானுங்க. வாட்ச்மேனுக்கு ஆளைத் தெரியல, ஊட்டு நம்பரு மட்டும் தெரியுது. நாயிங்க பேக்கரி பன்னு தின்னு வளந்த நாயிங்க, எனக்கே வாலாட்டுச்சு. வேற வழியில்லாம அவன் ஆபீசுக்கே போனேன். பேக்கரிக்கு மேல மாடி. குமாரசாமின்னு ஒரு பொய்ப் பேரு வெச்சுக்கலாமுன்னு பஸ்ல வர்றப்பவே மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். ஆனா உள்ள நுழைய ஒரு காரணம் வேணுமில்லைங்க?

அங்கதான் அதிர்ஷ்டம். கதவுல ஒரு நோட்டீசு. "எங்கள் விளையாட்டை ஆடிப் பார்க்க, எதையும் லேசில் விட்டுக்கொடுக்காத பெரியவர் ஒருவர் தேவை." தமிழ்ல, அதுவும் பெங்களூர்ல. நம்ம மொழி எங்கெல்லாம் போயிருச்சு பாருங்கன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

கதவத் தட்டுனேன். ஒல்லியா, கண்ணாடி போட்டு, அவனேதான். "வாங்க மாமா, உக்காருங்க"ன்னான். பெங்களூர்ல பெரியவங்கள எல்லாம் மாமான்னுதான் கூப்புடுவாங்க போல. என்ற பேரைக் கேக்கவே இல்லைங்க. குமாரசாமி வீணாப் போச்சு. டீ வந்துச்சு பாருங்க, நாட்டுச் சக்கரை போட்டு, இஞ்சி தட்டி, ஆடை ஒரு பொட்டு இல்லாம, நான் ஊட்ல குடிக்கற மாதிரியே. அந்த ஊர் வழக்கமாட்ட இருக்குதுன்னு பாத்தா, கூட இருந்த ஜித்துங்கற மலையாளத்துப் பையனுக்கு வெள்ளைச் சக்கரை டீ. அப்ப எனக்கு மட்டும் பாத்துப் போட்டிருக்கறான். ஆள் மூஞ்சியப் பாத்தே நாக்கைத் தெரிஞ்சுக்கறான்னா எப்பேர்ப்பட்ட புத்தி. அதை மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

பொறகு இந்த மெஷினைக் கையில குடுத்தான். "ஏப்பா, இப்பவெல்லாம் சினிமாவாட்டம் விளையாட்டு வருதே, நீ ஏன் அந்தக் காலத்து மாதிரி கட்டம் கட்டமா வெச்சிருக்கற?"ன்னேன். "ஒவ்வொரு கட்டத்தையும் கையால வெச்சதுங்க. ஒரு புள்ளி எடம் மாறுனாலும் மொத்தமும் கெட்டுரும்"னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க அம்மணி கோலம் போடறப்ப என்னைத் திட்டறது அச்சு அசலா இதே வார்த்தைதானுங்க. நல்ல பசங்க எல்லாம் ஒரே மாதிரிதான் பேசும்.

மொதத் தடவ, கை வெச்சேன், செத்தேன். என்ன நடந்துச்சுன்னே தெரியல. ரெண்டாவது வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து மொய்ச்சுது, செத்தேன். மூணாவது எதிரியே இல்லைங்க, நானே போயி பாறையில முட்டிச் செத்தேன். விசாரணைக்கு வந்தவன் ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள மூணு உசுரும் போச்சு. அந்த ஜித்து வாயப் பொத்திச் சிரிக்கறான். சிரிக்கறியா மகனேன்னு இன்னொருக்கா ஆடுனேன். அப்பறம் இன்னொருக்கா. நிமுந்து பாத்தா ஜன்னல்ல வெயிலே இல்லைங்க, டீ ஆறிப்போய்க் கெடக்குது.

ஒரு நாள்ல திரும்பற யோசனையிலதான் போனேன். மறுநாள் மத்தியானம் மச்சான் போன் பண்ணி "என்னாச்சு?"ன்னாரு. "விசாரணை நடந்துட்டு இருக்குதுங்க மச்சான், பையன் ஆழமான ஆளு"ன்னேன். அது பொய்யில்லைங்க. அந்த நேரத்துல நான் ரெண்டாவது லெவல்ல கெணத்துக்குள்ள இருந்தேன், நெம்ப ஆழம். அக்கா போன் பண்ணுச்சு, "இன்னும் சில பேரைப் பாக்கோணுமக்கா"ன்னேன். அப்ப முள்ளம்பன்னி வந்துட்டு இருந்துச்சு. சம்சாரம் போன் பண்ணுனா, எடுக்கவே இல்ல.

லாட்ஜுல போயி சுடுதண்ணியில கட்டை விரலை ஊற வெச்சேனுங்க. ரோட்ல நடந்தா எதிர்ல வர்ற ஆட்டோவெல்லாம் எந்தப் பக்கம் சுடுமுன்னு பாக்கறேன். ஓட்டல்ல தோசை மேல பொடி தூவுனாங்க, தலையச் சாச்சுட்டேன். சிரிக்காதீங்க. நீங்க ஆடிப் பாருங்க, தெரியும். இப்பிடி ஒரு சந்தோசம் நான் சின்ன வயசுல வாய்க்கால்ல குதிச்சப்ப வந்தது. அதுக்கப்பறம் கல்யாணம் ஆச்சு, கடை வெச்சேன், மருந்துக்கும் வரல. இந்தப் பொல்லாத பருந்து ஒரு குண்டுக்குத் தப்பிச்சு மேல போறப்பத்தான் மறுபடி வந்துச்சுங்க.

ஆனா விசாரணைய உட்ருவேனுங்களா? ஆடிட்டே கவனிச்சேன். தண்ணி எடுக்கற சாக்குல அவன் பிரிட்ஜைத் தொறந்து பாத்தேன். தோசை மாவும் மோரும்தான். குடி இல்ல. பேக்கரிக்காரர்கிட்ட பன்னு தின்னுட்டே பேச்சுக் குடுத்தேன். கைநீட்டிக் கடன் சொல்ற பழக்கமே கிடையாதுன்னாரு. மூணாவது கேள்விதான் கஷ்டம், பொய் சொல்லுவானா மாட்டானா. அதுக்கும் பதில் கெடச்சுது. "நீங்க அவசரப்படறீங்க, அதனாலதான் சாகறீங்க"ன்னு என்ற மூஞ்சிக்கு நேராச் சொன்னானுங்க. என்ற சம்சாரத்தைத் தவுத்து அப்பிடிச் சொன்ன ஆளே இல்ல. உண்மை விளம்பின்னு முடிவு பண்ணிட்டேன்.

நடுவுல ஒரு சண்டை வந்துச்சு. மூணாவது லெவல் பெருச்சாளிகிட்ட செத்துச் செத்து எனக்கு வெறி வந்துருச்சு. "தம்பி, ஒரே ஒரு உசுரு சேத்துக் குடு. பெரிய மனுசன் கேக்கறேன்"னேன். "முடியாதுங்க"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். ஆனா முடியாதுங்கறான். ஜித்துகூட, "குடுத்துரு டா, சாரு மெஷினை ஒடைச்சிருவாரு"ன்னான். இவன், "குடுத்தா அது அவரு ஜெயிச்சதா இருக்காது. அவரால முடியும்"னான்.

வந்துச்சே கோவம். மெஷினை வெச்சுட்டு எறங்கி வந்துட்டேன். திமிரு புடிச்ச பையன், வயசானவன் வாய் விட்டுக் கேட்டும் ஒரு உசுரு குடுக்காதவன் நாளைக்கு அம்மணிக்கு என்ன குடுப்பான்? வேண்டாம், ஆலைக்காரங்களே போதும். பேக்கரி வாசல்ல நின்னு மச்சானுக்குப் போன் போட்டேன். மணி அடிக்குது. அம்மணி வாழ்க்கை அங்க தொங்கிட்டு நிக்குதுங்க. எனக்கானா, அந்தப் பெருச்சாளி மூணு தடவ சுட்டுட்டு ஒரு மூச்சு எடுக்குதே, அப்ப கீழ பூந்துட்டா என்னன்னு ஒரு யோசனை வருது. போனைக் கட் பண்ணிட்டேன். கொடைய மறந்து வெச்சுட்டேன்னு சொல்லி மறுபடி மேல ஏறுனேன். கொடை கக்கத்துலதான் இருந்துச்சு. அவன் டீ போட எந்திரிச்சுப் போனான். பெருச்சாளி செத்துச்சு.

பொறகுதான் யோசிச்சேன். நாளைக்கு ஆராச்சும் பெரிய மனுசன் வந்து கெஞ்சுனான்னு இவன் அம்மணிய உட்டுக் குடுக்க மாட்டான். நான் கேட்டே குடுக்கலையே. சொல்லு சொல்லுதான். ஆம்பளைன்னா அப்பிடி இருக்கோணும்.

நேத்து கடைசி லெவல். "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் தாண்டலைங்க. நானும் தாண்டல, ஜித்துவும் தாண்டல"ன்னான் கௌசிகன். "செஞ்சவனுக்கே முடியாதாடா?"ன்னேன். "இது நான் வரைஞ்சதில்லைங்க. எங்க கூட வேலை செய்யறவங்க, வெளியூர்ல இருக்கறாங்க. இதைத் தாண்ட ஒரே ஒருத்தராலதான் முடியுமுன்னு சொல்லிருக்காங்க"ன்னான். ஆருடா அந்த ஒருத்தருன்னு எனக்கு ஒரே வைராக்கியம்.

கடைசியில வர்ற எதிரி ஒரு எருமைங்க. திரை முக்கா வாசி எருமைதான். கொம்பு மீசை, தோள்ல பச்சைத் துண்டு, மூக்கு நுனியில கண்ணாடி. நான் சிரிச்ச சிரிப்புல பொறை ஏறிருச்சு. எங்க துரைசாமி மச்சான் அப்பிடியே தத்ரூபம். உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்கன்னு சொல்றாங்களே, ஒருத்தரு எருமையாவும் இருப்பாருன்னு இப்பத்தான் பாத்தேன். அந்த எருமை வாயத் தொறந்தா வரிசை வரிசையாப் புள்ளி வருது. அத்தனையும் குண்டு. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல நெருப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. பருந்து நுழைய ஒரு விரல் சந்துகூட இல்ல. போறேன், சாகறேன். வெட்டுக்கிளியிலருந்து வர்றேன், போறேன், சாகறேன். பொழுது சாய ஆரம்பிச்சுருச்சு. மச்சான் வேற போன் மேல போன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, சொல்லு."

அப்பத்தானுங்க அது நடந்துச்சு. சலிச்சுப்போயி, திரைய மொறைச்சுப் பாக்காம சும்மா வெச்சிருந்தேன். புள்ளி விழுகுது. கட்டை விரல் தானா இடப்பக்கம் ஒடிச்சுதுங்க. மூலைத் தாமரைய ஒட்டி உள்ள போச்சு. நடுவால ஒரு சந்து, அங்க ஒரு நொடி நின்னுது, நான் கால் ஊனுவேனே அந்த மாதிரி. வலப்பக்கம் திரும்புச்சு. அப்பறம் நேரா ரோடு. நான் ஆடலைங்க, டிவிஎஸ் எடுத்துட்டு இருக்கறேன். அக்கா ஊட்டு வாசல்ல அம்மணி போடற அந்தப் பெரிய கோலம் இருக்குதில்லைங்க, அதே கோலம். ஒரு புள்ளி அழியல. எருமை மூஞ்சிக்கு நேராப் போயி நின்னு அணுகுண்டை வெச்சேன். மீசை தனி, துண்டு தனியாப் பறந்துச்சு.

ஜித்து மேசை மேல ஏறிட்டான். கீழருந்து பேக்கரிக்காரர் ஓடி வந்துட்டாரு. கௌசிகன் மட்டும் கண்ணு கலங்கிப்போயி நின்னான். ஒரு விளையாட்டு முடிஞ்சதுக்கு அழுவாங்களா? நெம்ப எளகுன மனசு. ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு "நன்றிங்க மாமா"ன்னான். இந்த மெஷினையும் என்கிட்டயே குடுத்துட்டான்.

அந்தக் கோலம் அங்க எப்பிடி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? சாமி உத்தரவுங்க, வேறென்ன. கோயில்ல பூவாக்குக் கேட்டு வெள்ளைப் பூ வர்றாப்ல. இந்தச் சம்பந்தத்தை முடின்னு எனக்கு வழி காட்டிருக்குது. அதனால செரின்னு சொல்லத்தான் போறேன். குடி இல்ல, கடன் இல்ல, பொய்யே சொல்ல மாட்டான். நேர்ல மச்சான் மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும், அப்பத்தான் விசாரணைக்கு மரியாதை.

இருங்க, போனு. அம்மணிதான்.

சொல்லு கண்ணு. தோப்பூர் மலை எறங்கறோம். ஆமா, முடிச்சுட்டேன். எருமையத்தான், வேறெதை? ஆமாமா, வண்டி எடுக்கற வழியிலதான் போனேன். இடப்பக்கம் ஒடிச்சு. கால் ஊனற எடத்துல நின்னேன், நிக்காம உடுவேனா? செரி செரி, அழுகாத. என்னத்துக்கு அழுகற? வந்து சொல்றேன், வை.

அழுகுதுங்க. சந்தோசத்துல.

ஏனுங்க.

ஊட்ல நான் விளையாடுனதையே ஒருத்தருக்கும் சொல்லலைங்க. விசாரணைன்னு மட்டும்தான் சொன்னேன். எருமைன்னு நான் சொல்லலையே, அதுவாக் கேட்டுச்சு. "எருமையத் தாண்டிட்டீங்களா மாமா, வண்டி எடுக்கற வழியிலயே போனீங்களா"ன்னு கேக்குது.

கட்டம் கட்டமா. காலுறை.

அப்ப அந்த நாட்டுச் சக்கரை? அந்த மாமா? தமிழ்ல நோட்டீசு. விட்டுக்கொடுக்காத பெரியவர் ஒருவர். ஒருவர்னுதான் போட்டிருந்துச்சு. அது எனக்குன்னே ஒட்டுனதுங்களா?

நீங்க ஏனுங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுக் குலுங்கறீங்க? உங்களுக்கு எப்பருந்து தெரியும்? டீயிலருந்தேவா? போட்டோவ ஏறெடுத்துப் பாக்கலைன்னு சொன்னப்பவேவா? ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? கிருஷ்ணகிரியில டீ வேற வாங்கிக் குடுத்தேன் உங்களுக்கு.

எனக்குக் கோவம் வரோணுமில்லைங்க? மொத ஆளா நானே கத்தரிச்சு உடறேன்னு சொன்னவன். வர மாட்டேங்குதுங்க. தேடிப் பாக்கறேன், இல்ல. இந்தப் புள்ள என்ன பண்ணிருக்குது பாருங்க. என்னை ஏமாத்தோணும்னா சும்மா ரெண்டு பொய் சொல்லிருந்தாப் போதும், நான் நம்பிருப்பேன். அதை உட்டுட்டு, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து ஒரு ஒரு புள்ளியா வெச்சு, உலகத்துல ஒருத்தனும் தாண்ட முடியாத ஒரு லெவலைக் கட்டி, அதுல எனக்கு மட்டும் தெரியற ஒரு வழிய உட்ருக்குது. அவங்கப்பன் எருமையா நின்னு மறிக்கறாரு, மாமன் டிவிஎஸ்ஸ எடுத்துட்டு வந்து தாண்டி உடோணும். அந்தப் பையனும் தெரிஞ்சுதான் உசுரு குடுக்கல. அவரால முடியுமுன்னானே, அது அம்மணி சொல்லிக் குடுத்த சொல்லு. ஏனுங்க, என்னை இவ்வளவு நம்புன ஆளு இந்த உலகத்துல வேற ஆரு இருக்கறாங்க? கண்ணுல என்னமோ விழுந்துருச்சு, ஜன்னலைச் சாத்துங்க.

சிரிப்பும் வருதுங்க. விசாரிக்கப் போன என்னையவே விசாரிச்சிருக்குதுங்க, ரெண்டும் சேந்து.

மறுபடி போனு. மச்சான். இருங்க, பேசிப்போடறேன்.

கும்புடறேனுங்க மச்சான். விசாரிச்சுட்டேனுங்க. குடியா? மோரு குடிப்பானுங்க, அதுக்கு மேல இல்ல. கடனும் இல்லைங்க. சொன்ன சொல்லை மாத்த மாட்டான், நானே சோதிச்சுப் பாத்துட்டேன். என்னதுங்க? பொய்யா? மச்சான்? கேக்குதுங்களா? இங்க மலையில டவர் இல்லைங்க மச்சான். பொய்யி... அலோ? ஆலைக்காரங்களுக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க, அது கேக்குதுங்களா? கேக்குதுங்கறீங்களா? அவ்வளவு கேட்டாப் போதுமுங்க. பெங்களூர்ப் பையனுக்கே பூ வெச்சுரலாமுங்க. ஆமாங்க, என்ற பொறுப்பு. நான் பாத்த விசாரணையிலயே இதுதானுங்க மச்சான் முழு விசாரணை.

வெச்சுட்டாரு. சம்மதிச்சுட்டாருங்க.

என்ற விசாரணையில நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லைங்க. இன்னைக்கும் சொல்லல, டவர் போயிருச்சு.

இந்தாங்க, ஈரோடு வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் ஆடுங்க. வெட்டுக்கிளிகிட்டயே சாவீங்க, அதுக்கெல்லாம் வெக்கப்படாதீங்க, நானும் செத்தவன்தான். ஒண்ணே ஒண்ணுங்க. எப்பவாச்சும் கோபிச் சந்தைப் பக்கம் கொம்பு மீசை, பச்சைத் துண்டு, மூக்கு நுனியில கண்ணாடியோட ஒருத்தரைப் பாத்தீங்கன்னா நல்லா ஒரு கும்புடு போடுங்க. எருமையப் பத்தி மட்டும் சொல்லிப்போடாதீங்க. தாலி ஏறட்டும்.